சந்தனம் பூசிய சர்டிஃபிகேட்

கண்ணு,

போனை எடுக்கக்கூடாது என்று முடிவு செய்திருக்கிறாய். ஐந்து நாளாக நான் கூப்பிடும்போதெல்லாம் உன் குரல் ஆங்கிலத்தில் பெயரைச் சொல்லிவிட்டு, சேதி இருந்தால் விடுங்கள் என்கிறது. அந்த இயந்திரத்திடம் நான் பேசியதைக் கூட்டினால், இந்த வருஷம் முழுக்க உன்னிடம் பேசியதைவிட அதிகமாக இருக்கும். சான் ஹோசேயில் உன் வீட்டு வாசலில் வந்து நிற்கலாமா என்று கேட்டேன். "போய் நின்னு என்ன பண்ணுவீங்க, அவன் கதவத் திறந்ததும் அழுவீங்க, அவ்வளவுதான்" என்றாள் அம்மா. அதனால் எழுதுகிறேன். வெள்ளிக்கிழமைக்குள் நீ ஒரு பதில் அனுப்ப வேண்டும். அதில் நீ எழுதப்போவது பொய். அதை எழுதாதே. நான் சொல்ல வந்தது இந்த ஒரு வரிதான். மீதிப் பக்கமெல்லாம் உன் காலில் விழுவதற்காக.

இதை உனக்கு மட்டும் அனுப்பாமல் நம் ஊர்ச் சங்கத்து மடலில் போடச் சொல்லியிருக்கிறேன். ஏன் என்று கடைசியில் சொல்கிறேன். நம்மைத் தெரியாதவர்களும் படிப்பார்கள் என்பதால் உனக்குத் தெரிந்த கதையையும் சேர்த்துத்தான் எழுத வேண்டியிருக்கிறது, பொறுத்துக்கொள். உன் அம்மா நர்ஸ் வேலைக்கு இந்த நாட்டுக்கு வந்தாள். நான் அவளுடைய பெட்டிகளோடு வந்தேன். பத்தாவதும் ஐ.டி.ஐ. ஃபிட்டரும் என் படிப்பு. அந்த ஃபிட்டர் படிப்புக்கு அத்தாட்சியாக வலது கை மோதிர விரலில் மேல் கணு இல்லை, லேத் எடுத்துக்கொண்டது. மற்றவர்கள் சான்றிதழைச் சட்டம் போட்டு மாட்டுவார்கள், நான் கையிலேயே வைத்திருக்கிறேன் என்று சொல்லிச் சிரிப்பேனே, அந்த விரல். டெக்சாஸுக்கு வந்து பிளானோவில் ஒரு மளிகைக்கடையில் குளிர் அறையைப் பார்த்துக்கொள்ளும் வேலை கிடைத்தது. பால், தோசை மாவு, உறையவைத்த பரோட்டா இவற்றின் காவலன். போகிறவர் வருகிறவரிடம் கதவைச் சாத்துங்கள், கதவைச் சாத்துங்கள் என்பதுதான் என் உத்தியோகம். குளிர் எங்கே ஒழுகுகிறது என்று உனக்கு முன்னால் தெரிந்தவன் நான் என்று அடிக்கடி பெருமையடிப்பேன்.

நீ இன்ஜினியரிங் முடித்துவிட்டு, எல்லோரையும் போல லெகசி பக்கம் கம்ப்யூட்டர் கம்பெனிகள் இருக்கும் ஒரு கண்ணாடிக் கட்டடத்துக்குள் போய் உட்காருவாய் என்று நினைத்தேன். நீ போகவில்லை. புது வீடுகளுக்குப் போய், வாசல் நிலையில் சிவப்புத் துணியை இழுத்துக் கட்டி, அதில் பெரிய ஃபேன் ஒன்றை மாட்டி, வீட்டுக்குள் இருக்கும் காற்றை வெளியே உறிஞ்சி, எந்த இடுக்கில் வெளிக்காற்று நுழைகிறது என்று அளக்கிற வேலைக்குப் போனாய். அளந்து சரியாக இருந்தால், இந்த வீட்டுக்கு இவ்வளவு கரண்ட் போதும், இது குளிரையும் சூட்டையும் இவ்வளவு தாங்கும் என்று ஒரு சர்டிஃபிகேட் எழுதிக் கையெழுத்துப் போடுவாய். கோயிலில் யாராவது, "பையன் என்ன பண்றான்ங்க?" என்றால், "வீடு வீடாப் போய் ஃபேன் மாட்டறானுங்க" என்பேன். அவர்கள் சிரிப்பார்கள், நானும் சிரிப்பேன். நீ பக்கத்தில்தான் நின்றுகொண்டிருப்பாய். அந்தச் சிரிப்புக்காக உன்னிடம் இதுவரை மன்னிப்புக் கேட்டதில்லை. இப்போது கேட்கிறேன்.

உள்ளுக்குள் எனக்குப் பெருமை இல்லாமல் இல்லை. நீ முதன்முதலில் சொந்தக் கையெழுத்துப் போட்டுச் சர்டிஃபிகேட் கொடுத்த வீடு விற்பனைக்கு வந்தபோது, பக்கத்து ஊரான ஃபிரிஸ்கோவில் அதைத்தான் வாங்க வேண்டும் என்று அம்மாவிடம் அடம்பிடித்தவன் நான்தான். கிரகப்பிரவேசத்தன்று ஐயர் வாசற்படிக்கும் அடுப்புக்கும் சந்தனம் வைத்துக்கொண்டிருந்தார். நான் கிண்ணத்தைத் தூக்கிக்கொண்டு கராஜுக்குப் போனேன். கரண்ட் சுவிட்சுகள் இருக்கும் பிரேக்கர் பெட்டியின் கதவுக்கு உள்பக்கம் உன் சர்டிஃபிகேட் ஒட்டியிருந்தது. கீழே உன் பெயர், உன் எண், உன் கையெழுத்து. மூன்று விரலைச் சந்தனத்தில் முக்கி மேலே ஒரு பட்டை இழுத்தேன், நடுவில் குங்குமம் வைத்தேன். என் மோதிர விரலின் லட்சணத்தால் இரண்டு கோடு நீளமாகவும் ஒன்று குட்டையாகவும் விழுந்தது. நீ பின்னால் வந்து பார்த்துவிட்டு, "அப்பா, நீங்க அட்ரஸ் மேல பூசிட்டீங்க" என்றாய். "சாமிக்கு அட்ரஸ் தெரியும் போடா" என்றேன். எல்லோரும் சிரித்தார்கள். எனக்கு வாய் ஜாஸ்தி என்பது உனக்குத் தெரியும்.

பிளானோவில் வாடகைக்கு விடும் அந்தப் பழைய வீட்டை நீ அளந்த கதைக்கு வருகிறேன். அம்மா வருஷக்கணக்கில் கூடுதல் ஷிப்ட் பார்த்து வாங்கிய வீடு. "சும்மா ஒரு சர்டிஃபிகேட் போட்டுக் குடு கண்ணு, விளம்பரத்துல போட்டா நல்ல குடித்தனம் வரும்" என்று உன்னைக் கூட்டிப்போனேன். நீ ஃபேனை மாட்டினாய். அது உறுமிய உறுமலில் ஹாலில் கிடந்த செய்தித்தாள் பறந்தது. கையில் ஒரு புகைக்குச்சியை வைத்துக்கொண்டு சுவர் சுவராகப் போனாய். பிளக் பாயிண்டுக்கு அருகில் கொண்டுபோனால் புகை அலறிக்கொண்டு ஓடியது. மாடியறையில், பரணுக்குப் போகும் பலகைக்குக் கீழே நின்றபோது சூடான காற்று என் வழுக்கையில் இறங்கியது எனக்கே தெரிந்தது. நீ ஃபேனை நிறுத்திவிட்டு, "அப்பா, எல்லாக் கதவையும் சாத்தினாலும் இந்த வீட்டுல ஒரு கதவு எப்பவும் திறந்து கிடக்குற மாதிரிதான்" என்றாய். பரணில் சூட்டைத் தடுக்கும் பஞ்சு நிரப்ப வேண்டும், ஏ.சி. காற்று போகும் டக்ட்டில் ஒழுகலை அடைக்க வேண்டும், அதற்குப் பிறகுதான் கையெழுத்து என்றாய். "இந்த ஊர்ல வாடகை வீட்டுக்கு இதெல்லாம் யாருடா கேக்கறாங்க, சட்டமா இருக்கு?" என்றேன். "சட்டம் இல்லப்பா. ஆனா யாராவது உள்ள தூங்குவாங்க இல்ல?" என்றாய். அடுத்த கோடைக்கு முன்னால் செய்துவிடலாம் என்றேன். நீ சான் ஹோசேவுக்கு வேலை மாறிப் போனாய். கோடை வந்தது. நான் செய்யவில்லை.

வீடு பார்க்க வந்த அந்தப் பையனைப் பிரபு என்றும் அவன் மனைவியைச் சுகன்யா என்றும் இங்கே சொல்கிறேன், உண்மையான பெயர்கள் வேறு. அவளுக்கு அப்போது ஐந்தாம் மாதம். முன்பு இருந்த அபார்ட்மெண்டில் போன வெயில் காலம் முழுக்க வெந்துபோனதாகச் சொன்னாள். டாக்டர் சூட்டில் இருக்கக்கூடாது என்றிருக்கிறார். மாடியறையில் நின்றுகொண்டு, "அங்கிள், இந்த ரூம் ரொம்ப ஹீட் ஆகுமா? உண்மையச் சொல்லுங்க, நான் இங்கதான் படுக்கணும்" என்றாள். உண்மையைச் சொல்லுங்கள் என்று ஒரு பெண் கேட்கிறாள். நீ புகைக்குச்சியோடு நின்ற அதே இடத்தில் நின்றுகொண்டு நான் சொன்னேன்: "என்னம்மா இப்படிக் கேட்டுட்ட, என் பையனே இந்த வேலைலதான் இருக்கான். சர்டிஃபிகேட்டே இருக்கு." யோசித்துச் சொன்னதில்லை. வாய் தானாகச் சொன்னது. பிரபு, "சூப்பர் அங்கிள், ஒரு காப்பி மட்டும் அனுப்பிடுங்க" என்றான்.

வீட்டுக்கு வந்து கராஜில் பிரேக்கர் பெட்டியைத் திறந்தபோது, அந்தச் சர்டிஃபிகேட்டைச் சும்மா பார்க்கத்தான் திறந்தேன் என்று எனக்கே சொல்லிக்கொண்டேன். கதவு எண், தெரு, ஊர் மூன்றும் காய்ந்த சந்தனத்துக்குக் கீழே இருந்தன. போனில் படம் எடுத்து, கடையில் இருக்கும் மெஷினில் கறுப்பு வெள்ளையாக அச்சிட்டேன். சந்தனம் சாம்பல் நிறமாகவும் குங்குமம் கறுப்பாகவும் வந்து, ஏதோ மை கொட்டிய பழைய காகிதம் போல ஆகிவிட்டது. உன் பெயரும் எண்ணும் கையெழுத்தும் மட்டும் பளிச்சென்று இருந்தன. அதைப் பிரபுவிடம் கொடுத்தேன். நான் எதையும் அழிக்கவில்லை, எதையும் திருத்தவில்லை, சாமிக்கு வைத்த பொட்டு தற்செயலாக மறைத்தது என்று மூன்று மாதம் எனக்கு நானே வக்கீலாக இருந்தேன். என்னைப்போல மோசமான வக்கீலுக்கு என்னைப்போல முட்டாள் நீதிபதி கிடைத்ததால் கேஸ் ஜெயித்தது.

ஆகஸ்டில் ஒரு மத்தியானம் அவள் மாடிப்படியில் மயங்கி விழுந்தாள். ஏ.சி. நிற்காமல் ஓடி ஓடி ஒரு நாள் நின்றுபோயிருந்தது. குழந்தை நாளுக்கு ஆறு வாரம் முன்னதாகவே பிறந்து, ஆஸ்பத்திரியில் கண்ணாடிப் பெட்டிக்குள் இருந்தது. அம்மா ரசமும் பருப்புச் சாதமும் கட்டிக் கொடுத்தாள், எடுத்துக்கொண்டு போனேன். வராண்டாவில் பிரபு உட்கார்ந்திருந்தான். நாலு நாள் தாடி. என்னைப் பார்த்ததும் எழுந்து, "சாரி அங்கிள்" என்றான். "நாங்கதான் தெர்மோஸ்டாட்ட ரொம்பக் குறைச்சு வெச்சு ஏ.சி.யக் கெடுத்துட்டோம். வீட்டு மேல தப்பு இல்ல, சர்டிஃபைட் வீடு. நான்தான் பாத்திருக்கணும்." கண்ணு, இதை உன்னிடம் போனில் சொல்ல என்னால் முடியவில்லை, இங்கே எழுதுகிறேன். நான் அவன் தோளைத் தட்டிக்கொடுத்தேன். "பரவால்ல விடுப்பா, ஏ.சி. என்ன பெரிய விஷயம், புதுசு மாட்டிக்கலாம்" என்றேன். அவன் கேட்ட மன்னிப்பை வாங்கிக்கொண்டு, டிபன் கேரியரைக் கொடுத்துவிட்டு, லிஃப்டில் இறங்கி வந்தேன். சந்தனப் பொட்டை நீ மன்னித்தாலும் இதை மன்னிக்க வேண்டாம்.

குழந்தை பிழைத்து வீட்டுக்கு வந்துவிட்டது. ஆயுத பூஜைக்கு அவர்களைக் கூப்பிட்டோம். குழந்தையை வெளியே எடுக்கக்கூடாது என்று சுகன்யா வரவில்லை, பிரபு மட்டும் வந்தான். வழக்கம்போல இரண்டு கார், தையல் மெஷின், வாஷிங் மெஷின், என் குளிர் அறைச் சாவி எல்லாவற்றுக்கும் பொட்டு வைத்திருந்தேன். சீரியல் விளக்கைப் போட்டிருந்த பிளக்கிலேயே அம்மா கிரைண்டரையும் போட, வீடு பாதி இருட்டானது. "அங்கிள், டார்ச் அடிக்கறேன்" என்று பிரபு பின்னாலேயே வந்தான். ஒரு கையில் சுண்டல் கப், இன்னொரு கையில் போன் வெளிச்சம். நான் பெட்டிக் கதவைத் திறந்தேன். சுவிட்சைத் தள்ளினேன், விளக்கு வந்துவிட்டது. அவன் டார்ச்சை அணைக்கவில்லை. வெளிச்சம் கதவின் உள்பக்கத்தில் நின்றது. இரண்டு கோடு நீளம், ஒன்று குட்டை, நடுவில் குங்குமம். பிறகு அந்த வெளிச்சம் மெதுவாக இறங்கி என் கையின் மேல் வந்தது. அவன் ஒரே ஒரு படம் எடுத்தான். சுண்டல் கப்பை வாஷிங் மெஷின் மேல் வைத்துவிட்டு, செருப்பைப் போட்டுக்கொண்டு போனான். "ஏனுங்க, தம்பி சொல்லாமப் போயிருச்சு?" என்று அம்மா கேட்டாள்.

அடுத்த மாதம் ஒரு கடிதம் வந்தது. உன்னைப் போன்றவர்களுக்கு உரிமம் தருகிற இடத்திலிருந்து, உன் பழைய முகவரியான நம் வீட்டுக்கு. மேலே மிஸ்டர் என்று போட்டு என் பெயர் இருந்தது. என் பெயர்தானே உனக்குக் கடைசிப் பெயர், இந்த ஊரில் அதைச் சொல்லித்தானே கூப்பிடுவார்கள். எனக்கு வந்தது என்று பிரித்தேன். பாதி புரிந்தது, அந்தப் பாதியே போதுமாக இருந்தது. அளக்காத வீட்டுக்குச் சர்டிஃபிகேட் கொடுத்ததாக உன்மேல் பிரபுவின் புகார். அன்று உன்னைக் கூப்பிட்டு எல்லாவற்றையும் சொன்னேன். கடிதத்தை வரிவரியாகப் படித்துக்காட்டச் சொன்னாய். பிறகு, "அப்பா, நான் ஃபைல் மாறிப்போச்சுன்னு எழுதிடறேன். கிளெரிக்கல் எர்ரர். சஸ்பெண்ட் பண்ணுவாங்க, பாத்துக்கலாம்" என்றாய். நான்தானே செய்தேன், நான் எழுதுகிறேன் என்றேன். "உங்களுக்கு அடுத்த மாசம் சிட்டிசன்ஷிப் இன்டர்வியூ. ஃப்ராடுன்னு ஒரு பேப்பர்ல உங்க பேர் வந்தா என்ன ஆகும்னு தெரியுமா? ப்ளீஸ்ப்பா, லெட் மீ ஹேண்டில் திஸ்" என்று வைத்துவிட்டாய். அதன் பிறகு உன் குரல் பதிவுதான்.

உனக்குப் பதினோரு வயதில் அந்த ராட்டினப் பூங்காவுக்குப் போனோம், நினைவிருக்கிறதா? ஒன்பது வயது வரைக்கும் பாதி டிக்கெட். வரிசையில் நிற்கும்போதே, கேட்டால் ஒன்பது என்று சொல் என்று உன் காதில் ஓதினேன். ஜன்னலில் இருந்த அந்த அம்மா கேட்பதற்கு முன்னாலேயே, "ஐ ஆம் லெவன், மேடம்" என்றாய். நான் வழி முழுக்க உன்னைத் திட்டிக்கொண்டே வந்தேன். பதினோரு வயதில் எனக்காகச் சொல்லாத பொய்யை முப்பத்திரண்டு வயதில் எனக்காகச் சொல்லப்போகிறாய். உன்னைக் கெடுக்க எனக்கு இருபத்தோரு வருஷம் ஆகியிருக்கிறது. நீ உரிமத்தை இழப்பாய் என்பதை நினைத்து மட்டும் நான் பதறவில்லை, கண்ணு. உனக்கு வேறு வேலை கிடைக்கும். அந்த ஜன்னலுக்கு முன்னால் நின்ற பையன் எனக்கு எங்கே திரும்பக் கிடைப்பான்?

போன ஞாயிற்றுக்கிழமை பிரபு வீட்டுக்குப் போனேன். உள்ளே வாங்க என்று அவன் சொல்லவில்லை. வாசலில் நின்றே எல்லாவற்றையும் சொன்னேன், என் பையனுக்கு ஒன்றும் தெரியாது என்றேன். "அங்கிள், உங்க பையன எனக்குத் தெரியாது. பேப்பர்ல இருக்கற பேரத்தான் தெரியும். அந்தப் பேர நம்பித்தான் சுகன்யாவ அந்த ரூம்ல படுக்க வெச்சேன்" என்றான். அவன் பின்னால் சுகன்யா குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு வந்தாள். அவள் திட்டவில்லை. "ஆஸ்பத்திரில இவர் உங்ககிட்ட சாரி சொன்னாராமே அங்கிள். வந்து எங்கிட்ட சொல்லி அழுதாரு, அங்கிள் எவ்ளோ நல்ல மனுஷன்னு" என்றாள். கதவைச் சத்தமில்லாமல் சாத்தினாள். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

உரிமம் தருகிற இடத்துக்கு நானே ஆங்கிலத்தில் ஒரு கடிதம் எழுதினேன். பாவம் செய்தவன் அடியேன் என்கிற பாணியில் வந்துவிட்டது. அம்மா படித்துவிட்டு, "லீவ் லெட்டர் மாதிரி இருக்குங்க. பையனக் காப்பாத்த அப்பன் சொல்ற பொய்யின்னுதான் நெனைப்பாங்க" என்றாள். அதற்குப் பிறகு நான் தூங்கவில்லை. எல்லோரும் பொய் என்று நினைக்கப்போகிற உண்மையை எப்படிச் சொல்வது? உண்மை சொல்லிப் பழக்கமில்லாதவனுக்கு இது புதுச் சிக்கல். நேற்றுக் காலை கடையில் தோசை மாவுப் பெட்டிகளை அடுக்கிக்கொண்டிருந்தபோதுதான் எனக்கு உறைத்தது. நீ எழுதப்போகும் பொய் நிற்காது, கண்ணு. உன் கம்ப்யூட்டரில் இருக்கும் பிரதி சுத்தமானது, அதில் சந்தனம் கிடையாது. உன் ஃபைல் மாறியிருந்தால் சுத்தமான காகிதம்தான் பிரபு கைக்குப் போயிருக்கும். சந்தனம் பூசிய காகிதம் என் கராஜிலிருந்துதான் வர முடியும். அந்தக் குட்டைக் கோடு உலகத்தில் என் ஒருவன் விரலில்தான் இருக்கிறது.

அதனால் இன்று காலை வெந்நீர் ஒத்தடம் கொடுத்து அந்தச் சர்டிஃபிகேட்டைப் பெட்டிக் கதவிலிருந்து உரித்தேன். ஒரு ஓரம் கிழிந்துவிட்டது, சந்தனம் கிழியவில்லை. அதன் பக்கத்தில் என் வலது கையை விரித்துவைத்து அம்மாவை ஒரு படம் எடுக்கச் சொன்னேன். முதல் மூன்று படமும் மங்கல். நாலாவது படத்தையும், மூலத்தையும், என் லீவ் லெட்டரையும் ஒரே உறையில் போட்டு அந்த அலுவலகத்துக்கு அனுப்பிவிட்டேன். சிட்டிசன்ஷிப் அலுவலகத்துக்குப் போகும்போதும் இதன் நகலைக் கையில் கொண்டுபோவேன். அவர்கள் வேண்டாம் என்றால், இத்தனை வருஷம் இருந்ததுபோல அம்மாவின் பெட்டியாகவே இருந்துகொள்கிறேன். பிளானோ வீட்டுப் பரணில் பஞ்சு நிரப்ப ஆட்கள் வந்துபோனார்கள், அந்த இரண்டு நாளும் பிரபு குடும்பம் நண்பர் வீட்டில் இருந்தது. பிறகு உன்னைப்போலவே ஒரு பெண் வந்து ஃபேன் மாட்டி அளந்தாள். இன்னும் தேறவில்லை, டக்ட் பாக்கி இருக்கிறதாம். பணிவாக, சரிங்க மேடம் என்றேன்.

இதை ஊர் படிக்க ஏன் போட்டேன் என்று இப்போது உனக்குப் புரிந்திருக்கும். நாளைக் காலை மடல் வந்துவிடும். கோயிலில் உன்னைப் பார்த்துச் சிரித்தவர்கள் எல்லோரும் வெள்ளிக்கிழமைக்கு முன்னால் இதைப் படித்திருப்பார்கள். அதன் பிறகு ஃபைல் மாறிப்போச்சு என்று நீ எழுதினால், அது பொய் என்று ஊருக்கே தெரியும். உன் வாயை அடைக்க எனக்கு வேறு வழி தெரியவில்லை. பதில் எழுத ஒரு வரிக் கட்டம் விட்டிருக்கிறார்களாமே, யார் செய்தது என்று. அதில் உன் பெயரை எழுதாதே. உன் பெயருக்குப் பின்னால் முப்பத்திரண்டு வருஷமாக ஒட்டிக்கொண்டிருக்கும் அந்த இன்னொரு பெயரை மட்டும் எழுது. ஸ்பெல்லிங் உனக்குத் தெரியும். அவர்கள் எப்படியும் கடைசிப் பெயரைச் சொல்லித்தான் கூப்பிடுவார்கள். கூப்பிடட்டும், எழுந்து நிற்கிறேன்.

அப்பா